ஒரே குடும்பம்தான், உப்பைத் தாங்குமா?

எங்க ஆம்பூர்ப் பக்கம் தோலுக்கும் செடிக்கும் உறவு பழசு. குரோம் உப்பு வர்றதுக்கு முன்னாடி ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் இவற்றின் துவர்ப்பை வைத்துத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோம் வந்தது. பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பும் அதோடு சேர்ந்து கழிவுநீராகப் பாலாற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போனதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

என் முக்கால் ஏக்கரும் உப்புப் பூத்த நிலம்தான். தக்கைப்பூண்டு விதைத்தேன்; இடுப்பு உயரம் வந்தது. 'பயறு வகைக் குடும்பம் இந்த மண்ணுக்கு ஒத்துக்குது' என்று நம்பி, அடுத்த பட்டம் பாசிப்பயறு போட்டேன். இலை ஓரம் கருகி, பூக்கிறதுக்கு முன்னாடியே போச்சு. விதைக்காசும் உழவுக்கூலியும் நஷ்டம். பக்கத்துக் கொல்லைப் பெரியவர் சிரித்தார்: "ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னா எல்லாம் ஒரே மாதிரியாப்பா இருக்கும்?"

அப்புறம்தான் யோசித்தேன். தாவரவியலில் குடும்பம் பிரிப்பது பூ, காய், விதையின் அமைப்பையும் மரபு உறவையும் வைத்து. தொல்காப்பியம் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்தான். இன்றைய தாவரவியலும் அவற்றை நெல், கரும்போடு சேர்த்து ஒருவித்திலையில் வைக்கிறது. இவை எல்லாம் உறவைச் சொல்லும். உப்பைத் தாங்குமா என்று சொல்லாது.

பாருங்கள்: பயறு குடும்பத்தில் தக்கைப்பூண்டும் புங்கனும் உப்பைத் தாங்கும்; பாசிப்பயறும் அவரையும் தாங்காது. ஆவாரையும் இதே குடும்பம்தான். ஆனால் பிடுங்கிப் பார்த்தால் வேரில் தழைச்சத்து முடிச்சு இருக்காது. பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம். பருத்தி தாங்கும், வெண்டை வாடும். நெல் என்ற ஒரே பயிருக்குள்ளேயே குழியடிச்சான், களர்பாலை மாதிரி ரகங்கள் தனியாக நிற்கின்றன.

அப்போ குடும்பம் தெரிந்து என்ன லாபம்? பயிர் சுழற்சிக்கு அவசியம் வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பின் ஒன்று நட்டால் வாடல் நோயும் நூற்புழுவும் அங்கேயே தங்கிவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான்: முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். மழை வரும்போது வரப்பை உயர்த்தி நீரைத் தேக்கி, உப்பைக் கழுவி வடிக்கிறேன். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில் மடக்கி உழுகிறேன். புதுப்பயிர் எதுவானாலும் முதலில் அரை சென்ட்டில்தான்.

ஒன்று மறக்காதீங்க. பசுந்தாள் மண்ணைப் பொலபொலப்பாக்கும், குரோமியத்தை அழிக்காது. கழிவு நேராகப் பாய்ந்த நிலமென்றால், பரிசோதிக்காமல் கீரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.