காயலான் கடைத் தொலைநோக்கி

1968 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் சில தெருமுனைகளில் இருட்டியதும் ஒரு வேடிக்கை நடக்கும். மெலிந்த மனிதர் ஒருவர் பீரங்கி மாதிரி ஒரு குழாயை நடைபாதையில் நிறுத்திக்கொண்டு, நிலா பார்க்க வாருங்கள், சனி பார்க்க வாருங்கள் என்று போகிறவர் வருகிறவர்களைக் கூப்பிடுவார். காசு வாங்குவதில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் குழாய் வெறும் அட்டை. கட்டடத் தூண்களுக்குக் கான்கிரீட் ஊற்றப் பயன்படுத்துவது.

அவர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, பெர்க்லியில் வேதியியல் படித்து, 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்தவர். ஆம், நம் மயிலாப்பூர் மடத்தைப் போல அதுவும் ராமகிருஷ்ணர் வழி வந்ததுதான். கையில் காலணா இல்லாத துறவிக்குக் கண்ணாடி எங்கே கிடைக்கும்? கப்பல் சாளரத்திலிருந்து கழற்றிப் போட்ட 12 அங்குல வட்டக் கண்ணாடி ஒன்று கிடைத்தது. அதைத் தேய்த்து ஆடியாக்கித் தேய்பிறை அரைநிலாவைப் பார்த்தார். பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்திருக்கும் நேரம் அது. இதை எல்லாரும் பார்த்தாக வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

பின்பு சாக்ரமெண்டோ மடத்துக்குப் போனார். தியான வேளையில் தொலைநோக்கியோடு தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அலையும் துறவியை எந்த மடம்தான் ரசிக்கும்? இந்த வேலையைப் பற்றி நண்பர்களோடு எழுதிய கடிதங்களில் ஒரு சங்கேத மொழி புழங்கியது. தொலைநோக்கி என்றால் ‘ஜெரேனியம்’ பூச்செடி. குழாயில் பொருத்தியாகிவிட்டால் அது ‘தொட்டியில் வைத்த ஜெரேனியம்’. ஆடிக்கு அலுமினியப் பூச்சு ஏறிவிட்டால், ‘ஜெரேனியம் பூத்துவிட்டது’. 1967இல் மடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டே ‘நடைபாதை வானியலாளர்கள்’ குழு பிறந்தது.

ஒளியியலில் டாப்சன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குழாயின் அடியில் குழியாடி, மேலே சாய்ந்த சின்ன ஆடி, பக்கவாட்டில் கண் வைக்கும் லென்ஸ். இது நியூட்டன் காலத்து அமைப்பேதான். குழியாடி செய்கிற விதம் அதைவிட எளிமை. ஒரு பீப்பாயின் மேல் வட்டக் கண்ணாடி ஒன்றை வைத்து, கார்போரண்டம் தூளும் தண்ணீரும் தெளித்து, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டியது. தள்ளத் தள்ளப் பீப்பாயைச் சுற்றி நடக்கவும் வேண்டும். மேல் கண்ணாடியின் நடுவும் கீழ்க் கண்ணாடியின் விளிம்பும் அதிகம் தேய்வதால் மேலது குழியும், கீழது புடைக்கும். தூளை மாற்றி மாற்றி நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் கீல் பூசிய தட்டில் மெருகேற்றுவார்கள். முடிந்த பரப்பில் மேடு பள்ளம் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் படம் கலங்கும். இதைக் கையாலேயே எட்ட முடிகிறது என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடிவதில்லை. 12 அங்குல ஆடி, இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியைப் போல ஏறக்குறைய 1,900 மடங்கு ஒளியை வாங்கும்.

டாப்சனின் கைவண்ணம் தெரிவது தாங்கியில். அது வரைக்கும் பெரிய தொலைநோக்கியை, ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்த கனத்த இரும்புத் தாங்கியில் பூட்டுவார்கள். தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவது நடக்காத காரியம். டாப்சன் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்தார். மேலும் கீழும் ஓர் அசைவு, இடமும் வலமும் ஓர் அசைவு, அவ்வளவுதான். பெட்டி சுழல அடியில் ஒரு பழைய கிராமபோன் இசைத்தட்டு, உரசும் இடங்களில் டெஃப்லான் துண்டுகள்.

அரிசி மூட்டையைத் தரையில் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அசைகிற வரைக்கும் கல்லாக நிற்கும், அசைந்துவிட்டால் சட்டென்று ஓடும். தொலைநோக்கி அப்படித் துள்ளினால் கோள் பார்வையிலிருந்து எகிறிப் போய்விடும். டெஃப்லானில் இந்தத் துள்ளல் மிகக் குறைவு. விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். பால்பேரிங் போட்டால் இன்னும் லேசாகச் சுழலும்தான், ஆனால் காற்றடித்தாலும் சுழலுமே!

நகர வெளிச்சத்தில் என்ன தெரியும் என்று கேட்பார்கள். பெரும்பாலான நெபுலாக்கள் தெரியாது. நிலாவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் தெருவிளக்கு ஒரு பொருட்டில்லை. மங்கலானவற்றைக் காட்ட டாப்சன் குழுவினர் 24 அங்குலத் தொலைநோக்கியைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்குப் போனார்கள். வானம் பூங்காவைச் சேர்ந்ததில்லையே என்று அதிகாரி ஒருவர் மறுக்க, பூங்கா வானத்தைச் சேர்ந்ததுதானே என்று டாப்சன் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை உண்டு.

டாப்சன் தம் தாங்கிக்குக் காப்புரிமை வாங்கவில்லை. 2014இல், 98 வயதில் காலமானார். இன்று ஆலைகள் செய்து விற்கும் இந்த வகைத் தொலைநோக்கிக்கு ‘டாப்சோனியன்’ என்றே பெயர். மோட்டார் வைத்தவையும் வந்துவிட்டன. எனக்கென்னவோ மோட்டார் இல்லாததுதான் பிடிக்கும். பூமி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், அரைப் பாகை அகலமுள்ள பார்வைப் புலத்தைச் சனி இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே கருவியின் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நின்றாக வேண்டும். வரிசையில் வந்த சிறுவன் பரவசத்தில் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடிப்பான், சனி காணாமல் போகும். பக்கத்தில் நிற்பவர் குனிந்து தேடிப் பிடித்து, “இப்போ பாரு கண்ணா, தொடாமப் பாரு” என்பார்.