வெள்ளத்துக்கென்று விட்டுவைத்த வெளி

அணை என்றமாத்திரத்தில் கரைதட்டி நிற்கும் ஜலராசியையே மனக்கண்ணில் காண்கிற நமக்கு, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் எதையும் தேக்காமலிருப்பதையே தன் தர்மமாகக் கொண்ட ஓர் அணையும் உண்டு என்பது சற்று விந்தையாகவே தோன்றும். கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைச் சேர்ந்த சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 3 மைல் நீளமும் 57 அடி உயரமுமாக நிற்கும் செப்புல்வேடா அணை அத்தகையது. அது பாசனத்துக்காக எழுந்ததன்று. குடிநீருக்காகவோ மின்சாரத்துக்காகவோ எழுந்ததுமன்று. மலைகளிலிருந்து எதிர்பாராத வேகத்தில் இறங்கிவரும் வெள்ளத்தைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தி, கீழேயுள்ள நகரம் தாங்கக்கூடிய அளவில் படிப்படியாக வெளியேற்றுவது ஒன்றே அதன் பிரயோஜனம். அதன் பின்னே வெள்ளத்துக்கென்று விடப்பட்டிருக்கும் ஏறத்தாழ 2,000 ஏக்கர் நிலம், வெள்ளம் வராத காலமெல்லாம் பொதுஜனங்கள் உலாவவும் விளையாடவும் இளைப்பாறவும் உரிய பூங்காவாக விளங்குகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றின் சுபாவத்தை அறிந்தால்தான் இந்த ஏற்பாட்டின் அவசியம் புலப்படும். 51 மைல் மட்டுமே ஓடுகிற இந்தச் சிறிய ஆறு அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 800 அடி கீழிறங்கிவிடுகிறது. கோடையில் மெலிந்து கிடந்து, மாரியில் செங்குத்தான மலைச்சரிவுகளிலிருந்து மண்ணையும் பாறையையும் உருட்டிக்கொண்டு பிரவகிப்பது அதன் இயல்பு. 1825-ஆம் ஆண்டு வெள்ளத்தில் தன் பழைய வழியை விட்டுவிட்டு, மேற்கே கடலில் கலந்துகொண்டிருந்தது தெற்கே திரும்பி வேறொரு குடாவை நாடிப் போயிற்று என்றால் அதன் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஆறு கேட்ட இடத்தை ஆற்றுக்கே விட்டுவிடலாம் என்ற யோசனையும் எழாமலில்லை. பூங்காக்களை வகுப்பதில் பேர்பெற்ற ஓம்ஸ்டெட் சகோதரர்களின் நிறுவனத்தாரும் நகரமைப்பு நிபுணர் ஹார்லண்ட் பார்த்தலமியூவும் சேர்ந்து 1930-இல் சமர்ப்பித்த அறிக்கையில், ஆற்றங்கரைத் தாழ்நிலங்களை வாங்கிப் பூங்காக்களாக வைத்துக்கொண்டால் மக்களுக்கு உல்லாசவெளியும் வெள்ளத்துக்கு வழியும் ஒருங்கே கிட்டும் என்று எடுத்துரைத்தார்கள். அந்த அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. நிலத்தின் விலை நாளுக்குநாள் ஏறிக்கொண்டிருந்த நகரத்தில், விற்று லாபம் காணக்கூடிய இடத்தை வெறுமனே விட்டுவைக்க எவர் மனம் இசையும்!

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பெய்த பெருமழையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பாலங்களும் ஆயிரக்கணக்கான வீடுகளும் அழிந்தன. அதன் பின்னர் அமெரிக்க ராணுவப் பொறியியல் படையினர் ஆற்றின் பெரும்பகுதியைச் சிமெண்டுக் கால்வாயாக மாற்றியதோடு, 1941-இல் செப்புல்வேடா அணையையும் கட்டி முடித்தார்கள். அறிக்கை எழுதியவர்கள் அழகையும் பாதுகாப்பையும் சேர்த்து வேண்டியதற்குக் கிட்டாத நிலம், பேரிடருக்குப் பின் பாதுகாப்பு ஒன்றையே முன்னிட்டு ராணுவத்தார் கேட்டபோது கிட்டியது என்பதை எண்ணினால் மனம் கனக்கத்தான் செய்கிறது.

கூட்டாட்சி அரசின் நீர்த்தேக்க நிலங்களில் பொழுதுபோக்கு வசதிகளை ஏற்படுத்த 1944-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. நிலத்தின் உரிமை ராணுவப் பொறியாளர்களிடமே இருக்க, நகரசபை அதன் பெரும்பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பராமரிக்கலாயிற்று. கோல்ப் மைதானங்கள், சைக்கிள் பாதைகள், மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் திடல், பறவைகளுக்கென ஒதுக்கப்பட்ட சரணாலயம் யாவும் அங்கே உண்டு. பேஸ்பால் தேசமாகிய அங்கே, தங்கள் ஆட்டத்தையும் உடன்கொண்டு குடியேறியவர்களுக்காகக் கிரிக்கெட் மைதானங்களும் இருக்கின்றன. அணைப்பரப்புக்குள்ளேயே, தனிக்கரை சூழ, நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று 1980-களிலிருந்து இயங்கிவருகிறது. 27 ஏக்கர் பரப்புள்ள பல்போவா ஏரியில் குடும்பங்கள் படகோட்டி மகிழ்வது அங்கே சுத்திகரித்த நீரின் மேல்தான். ஆற்றுக்கும் அதே நீர் விடப்படுவதால் வறண்ட கோடையிலும் ஓட்டம் அற்றுப்போவதில்லை. அணைக்கு மேல்புறத்தில் ஆற்றின் அடித்தளத்தைச் சிமெண்டால் மூடாமல் மண்ணாகவே விட்டிருப்பதனால் வில்லோ மரங்கள் அடர்ந்து வளர, நாரைகள் வந்து தங்குகின்றன.

இத்தனையும் வெள்ளத்தின் அனுமதியின்பேரில்தான் நடக்கின்றன. 1992 பிப்ரவரி 10-ஆம் தேதி பெய்த கனமழையில் தண்ணீர் அளவிறந்த வேகத்தில் ஏறி, படுகைக்கு ஊடே செல்லும் பர்பாங்க் சாலையில் வந்துகொண்டிருந்த வாகனங்களைச் சூழ்ந்துகொள்ள, கார்க்கூரைகளின் மேல் ஏறி நின்றவர்களை ஹெலிகாப்டர்களில் மீட்க நேரிட்டது. அணை அன்று பழுதுபடவில்லை. எதற்காகக் கட்டப்பட்டதோ அதையே செய்தது. பூங்காவுக்குப் பழகிப்போன மனிதர்கள்தாம் தாங்கள் ஒரு நீர்த்தேக்கத்தின் அடித்தளத்தில் போய்க்கொண்டிருப்பதை மறந்திருந்தார்கள். மழை வலுக்கும்போது படுகைக்குள் செல்லும் சாலைகளை அடைத்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

வெள்ளமே பிரதானம் என்பதைச் சாக்காக வைத்து எதையும் செய்துவிடலாம் என்பதுமில்லை. 2012 டிசம்பரில் பொறியியல் படையினர் சரணாலயப் பகுதியில் நாற்பது ஏக்கருக்கும் மேற்பட்ட புதர்களையும் மரங்களையும் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கியபோது, பறவை ஆர்வலர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருந்ததாக நான் கருதுகிறேன். நீர் வந்து போனபின் தானே தளிர்க்க வல்லது வில்லோ. வெள்ளப்படுகையில் இருக்க அதைவிட உரிமையுடையது எது? கவலைப்பட வேண்டியது வேரூன்றிய மரத்தைக் குறித்தல்ல, சிமெண்டு அஸ்திவாரத்தைக் குறித்துத்தான். படுகைக்குள் எழுப்பப்படும் ஒவ்வொரு கட்டடமும் வெள்ளம் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. புல்தரையோ, நீர் வடிந்ததும் வண்டலை வழித்துவிட்டால் மறுபடியும் ஆட்டத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருக்கும் ஒலிம்பிக் விழாவின் சில போட்டிகளை இந்தப் படுகையில் நடத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். விழா ஜூலையில் வருகிறது. அது மழையற்ற மாதமாதலால் பார்வையாளருக்கு அபாயமில்லை. அங்கே அமைக்கும் மேடைகளையும் இருக்கைகளையும் மாரிக்காலம் பிறப்பதற்குள் அகற்றிவிட்டு, நிலத்தை ஆற்றிடம் ஒப்படைக்க வேண்டும்.