சுரங்க நிறுவனமும் மனித உரிமைக் கடப்பாடும்: ஜூக்கன் மலையிடுக்கு அழிவை முன்வைத்து ஒரு விளக்கம்

பெருநிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளுள் ‘மனித உரிமைகளை மதிக்கின்றோம்’ என்னும் தொடர் இடம்பெறாத அறிக்கையை இன்று காண்பது அரிது. சுரங்கத் தொழிலைப் பொறுத்தவரை இத்தொடருக்குத் தனிக் கனம் உண்டு. ஆடை தைக்கும் தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். தாது எங்குள்ளதோ அங்கேதான் சுரங்கத்தைத் தோண்ட இயலும். அந்நிலத்தில் பெரும்பாலும் வேறொரு மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய நீரும் வழிபாட்டிடமும் மூதாதையர் நினைவும் அதே நிலத்தில்தான் உள்ளன. ஆகவே, சுரங்க நிறுவனம் ஒன்று மனித உரிமையை மதிப்பதாகக் கூறும்போது, அச்சொல் எந்நேரமும் தன் இலாபத்தோடு மோதக்கூடிய சொல்லாகவே இருக்கின்றது.

அத்தகைய கடப்பாடு எங்கிருந்து வந்தது, நிறுவனத்தினுள்ளே அது யார் கையில் இருக்கின்றது, எவ்விடத்தில் அது செயலற்றுப் போகின்றது என்பனவற்றை ரியோ டின்டோ நிறுவனத்தின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். இந்தியவியல் துறையினர் நன்கறிந்த நியாம்கிரி வழக்கையும் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்கின்றோம்.

கொடையும் கடப்பாடும்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. ‘நிறுவனச் சமூகப் பொறுப்பு’ என்றதும் பள்ளிக்கூடம் கட்டித் தருதல், கல்வி உதவிநிதி வழங்குதல், மருத்துவ முகாம் நடத்துதல் முதலியனவே நம் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைக் கடந்த நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டை இத்தகைய பணிகளுக்குச் செலவிட வேண்டுமென விதித்தது. இது கொடை, சட்டத்தின் வழி வலியுறுத்தப்பட்ட கொடை எனலாம். இலாபம் வந்த பின்னர் அதில் ஒரு பங்கைத் தருவது இதன் இயல்பு.

மனித உரிமைக் கடப்பாடோ இலாபம் எவ்வாறு வருகின்றது என்பதையே கேள்விக்கு உட்படுத்துவது. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் மனித உரிமைப் பேரவை 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தன. பேராசிரியர் ஜான் ரக்கி உருவாக்கிய அந்நெறிகள் மூன்று தூண்களின்மீது நிற்கின்றன: மக்களின் உரிமையைக் காப்பது அரசின் கடமை, அதனை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, உரிமை பாதிக்கப்பட்டோர்க்குத் தீர்வு கிடைக்க வழி இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் செய்த நற்பணியைக் காட்டி மற்றோரிடத்தில் இழைத்த தீங்கை ஈடுசெய்ய இயலாது என்பதும் அந்நெறிகளின் விளக்கத்தில் இடம்பெற்றுள்ளது. ஒரு கிராமத்துக்குக் கட்டிக் கொடுத்த பள்ளி, அக்கிராமத்தின் ஆற்றைக் கெடுத்ததற்குக் கழிவாகாது என்பது இதன் பொருள்.

ரியோ டின்டோ கொடுத்த வாக்கு

1873இல் ஸ்பெயின் நாட்டின் ரியோ டின்டோ ஆற்றங்கரைச் சுரங்கங்களை வாங்கித் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் இன்று உலகின் மிகப் பெரிய இரும்புத்தாது உற்பத்தியாளர்களுள் ஒன்று. அதன் பெருவருவாய் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்திலிருந்து வருகின்றது. பூர்வகுடியினரின் நிலவுரிமையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில் ஏற்று, 1993இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டபோது, சுரங்கத் துறையினர் பலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அந்நிலையில் 1995இல் இந்நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளையின் தலைவராக இருந்த லியோன் டேவிஸ், அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்தைத் தாம் ஏற்பதாகப் பொதுமேடையில் அறிவித்தார். தொழில்துறையில் அது ஒரு திருப்பமாகவே கருதப்பட்டது. அதன் பின்னர் நிறுவனம் பூர்வகுடி மக்களோடு தொடர்ந்து ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. மனித உரிமைக் கொள்கையை வகுத்தது. பண்பாட்டு மரபு ஏன் முதன்மையானது என்பதை விளக்கும் வழிகாட்டி நூலொன்றையும் 2011இல் வெளியிட்டது.

இவற்றை வெறும் வேடம் என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. பல ஆண்டுகள் இத்துறையில் பிறர்க்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்ட நிறுவனம் இது. அதனால்தான் 2020இல் நிகழ்ந்தது ஆராயத்தக்கதாகின்றது.

ஜூக்கன் மலையிடுக்கு

பில்பராவில் புரோக்மன் 4 என்னும் சுரங்கத்தை அடுத்து ஜூக்கன் மலையிடுக்கு உள்ளது. புட்டு குன்டி குர்ராமா, பினிகுரா ஆகிய இரு மக்களின் மரபு நிலம் அது. அங்கிருந்த பாறைக் குகைகளுள் ஒன்றில் ஏறத்தாழ 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து தங்கிய தடயங்கள் கிடைத்தன.

இக்குகைகளை அழிக்க நிறுவனம் 2013இல் மாநில அமைச்சரின் இசைவைப் பெற்றது. 1972ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதற்கு இடமளித்தது. 2014இல், அழியப்போகும் இடத்திலிருந்து மீட்கக்கூடியவற்றை மீட்பதற்காக அகழாய்வு நடத்தப்பட்டது. சுமார் 7,000 பொருள்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கங்காருவின் எலும்பைக் கூராக்கிச் செய்த, ஏறத்தாழ 28,000 ஆண்டுப் பழைமையுடைய கருவி. மற்றொன்று, மனிதத் தலைமயிரால் பின்னிய கச்சையின் 4,000 ஆண்டுப் பழைமையுடைய துண்டு. அம்மயிரின் மரபணு, இன்று வாழும் அம்மக்களின் மரபணுவோடு பொருந்தியது. தொல்லியலில் இத்தகைய நேரடித் தொடர்பு எளிதில் வாய்ப்பதில்லை. ஆயினும், 2013இல் தரப்பட்ட இசைவை 2014இல் கிடைத்த அறிவின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்ய அன்றைய சட்டத்தில் வழி இருக்கவில்லை. இசைவைக் கேட்ட நிலவுரிமையாளர் மேல்முறையீடு செய்ய இயன்றது; பூர்வகுடி மக்களால் அன்று அவ்வாறு செய்ய இயலவில்லை.

2020 மே மாதத்தின் இடைப்பகுதியில், குகைகளைக் காணச் செல்ல அனுமதி கேட்டபோதுதான் வெடி வைக்கப்படவிருப்பதை அம்மக்கள் அறிந்தனர். நிறுத்துமாறு வேண்டினர். துளைகளில் இட்ட வெடிமருந்தைப் பாதுகாப்பாக அகற்ற இயலாது என நிறுவனம் மறுமொழி கூறியது. அமைச்சரின் இசைவுக்குள் அடங்காத வேறு சில மரபிடங்களைக் காக்க ஒரு சில துளைகளிலிருந்து மருந்து அகற்றப்பட்டது என்பது பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் தெரியவந்தது. சட்டம் காத்த இடத்திற்கு மட்டும் வழி பிறந்தது என்பதை நாம் இங்குக் கவனிக்கின்றோம். மே 24ஆம் நாள் குகைகள் தகர்க்கப்பட்டன.

சுரங்கத்தை விரிவாக்கும் திட்டங்கள் நான்கு இருந்தன என்றும், அவற்றுள் மூன்று குகைகளைத் தொடாதவை என்றும் நிறுவனத்தின் தலைமை நிருவாகி 2020 ஆகஸ்டில் விசாரணைக் குழுவிடம் தெரிவித்தார். நான்காவது திட்டத்தால் கூடுதலாகக் கிடைக்கவிருந்தது சுமார் 80 இலட்சம் டன் உயர்தரத் தாது. அதன் மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய வெள்ளி. மற்ற மூன்று வழிகள் இருந்ததே தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அம்மக்கள் சாட்சியம் அளித்தனர்.

‘ஒப்புதல்’ என்னும் சொல்

அம்மக்களின் ஒப்பமும் பெறப்பட்டதன்றோ என்று ஒருவர் வினவலாம். உண்மைதான்; 2011இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இருந்தது. ஆனால், நிறுவனத்தின் விண்ணப்பங்களை எதிர்ப்பதற்கும் வெளிப்படையாகக் குறை கூறுவதற்கும் அவர்களுக்கிருந்த உரிமையை அவ்வொப்பந்தம் மட்டுப்படுத்தியது. பேச்சுவார்த்தைக்கு உரிமை வழங்கிய நிலவுரிமைச் சட்டம் ‘வேண்டா’ என்று மறுக்கும் உரிமையை வழங்கவில்லை. மறுக்க இயலாத இடத்தில் இடப்பட்ட கையொப்பத்தை ஒப்புதல் என்பதா, இணங்கிப் போதல் என்பதா?

மொழி கற்பிக்கும் நம் போன்றோர்க்கு இவ்விடம் சற்று நின்று நோக்கத்தக்கது. கலந்தாலோசித்தல், இசைவு பெற முயலுதல், ஒப்புதல் பெறுதல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டு ஐ.நா. சாற்றுரை, கட்டாயமின்றியும் முன்கூட்டியும் முழு விவரம் அறிந்தும் தரப்படும் ஒப்புதலைப் பெறும்பொருட்டு அம்மக்களோடு அரசுகள் கலந்தாலோசிக்க வேண்டும் என்கின்றது. ரியோ டின்டோவும் உறுப்பியம் பெற்றுள்ள சுரங்க, உலோகப் பன்னாட்டு மன்றம் 2013இல் வெளியிட்ட நிலைப்பாடு, அத்தகைய ஒப்புதலைப் பெற உறுப்பினர்கள் ‘முயல்வர்’ என்றது. (அம்மன்றம் 2024இல் அதனைத் திருத்தி வெளியிட்டது.) ‘பெறுவர்’ என்பதற்கும் ‘பெற முயல்வர்’ என்பதற்கும் இடையே ஒரு மலையே தகர்ந்துபோக இடமுண்டு. ஜூக்கனில் குலைந்தவை ‘முன்கூட்டி’, ‘முழு விவரம் அறிந்து’ என்னும் இரு அடைகளே. நான்கு வழிகளுள் ஒன்றை மட்டும் அறிந்தவர் தரும் இசைவு விவரமறிந்த இசைவாகாது.

நிறுவனத்தின் மன்னிப்பும் இவ்வகையில் படிக்கத்தக்கதே. 2020 மே இறுதியில் வெளியான அறிக்கை, தாங்கள் ஏற்படுத்திய மன வேதனைக்காக வருந்துவதாகக் கூறியது. செய்த செயலுக்கு வருந்துவது வேறு, பிறருக்கு ஏற்பட்ட வேதனைக்கு வருந்துவது வேறு என்பதை அக்காலத்தில் பலர் சுட்டிக்காட்டினர்.

பொறுப்பு எங்கே இருந்தது?

இவ்வழிவின் வேர் ஒரு தனி மனிதரின் தீய எண்ணத்தில் இல்லை. பூர்வகுடி மக்களோடு உறவு பேணும் பிரிவு, சுரங்கத்தை நடத்துவோரிடமிருந்து பிரிந்து, நிறுவனத்தின் வெளியுறவைக் கவனிக்கும் துறையின்கீழ் இருந்தது. குகையின் அருமையை அறிந்தவர் ஒருபுறம், வெடி வைக்கும் நாளைக் குறித்தவர் மறுபுறம் என நிறுவனத்தின் அறிவு இரண்டாகக் கிடந்தது. மனித உரிமைக் கடப்பாடு மக்கள்தொடர்புப் பணியாகிவிட்டால், அது நிறுவனத்தின் பெயரைக் காக்குமே ஒழிய நிலத்தைக் காக்காது.

இயக்குநர் வாரியம் 2020 ஆகஸ்டில் மூன்று உயர் அலுவலர்களின் ஊக்கத்தொகையைக் குறைத்ததோடு நிறுத்திக்கொள்ள எண்ணியது. ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியங்கள் முதலான பங்குதாரர்கள் அதனை ஏற்கவில்லை. செப்டம்பர் 11இல் தலைமை நிருவாகி ழான் செபாஸ்தியான் ஷாக்கும் வேறு இரு உயர் அலுவலர்களும் விலகுவதாக அறிவிக்கப்பட்டது. வாரியத்தின் தலைவர் சைமன் தாம்சன் தாமும் பதவி துறக்கவிருப்பதை 2021 மார்ச்சில் தெரிவித்தார். அவர்களை அசைத்தது கொள்கை ஏடன்று. வெளியிலிருந்து வந்த அழுத்தம்.

நியாம்கிரி காட்டும் வேறுபாடு

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் நடந்தது இதற்கு நேர்மாறான வரலாறு. லாஞ்சிகரில் அலுமினா ஆலை அமைத்த வேதாந்தா குழுமத்திற்காக அம்மலையின் பாக்சைட்டைத் தோண்டத் திட்டமிடப்பட்டது. டோங்ரியா கோந்த் மக்களுக்கோ அம்மலை நியாம் ராஜாவின் உறைவிடம். அந்நாளில் இலண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றிருந்த அந்நிறுவனம் அம்மக்களோடு போதிய கலந்தாய்வு நடத்தவில்லை என்று பிரிட்டிஷ் அரசின் தொடர்பு மையம் 2009இல் கண்டறிந்தது. நிறுவனம் அம்முடிவை ஏற்க மறுத்தது. இந்நிலையில் 2013 ஏப்ரல் 18இல் இந்திய உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகளே அம்மக்களின் வழிபாட்டு உரிமை முதலியவற்றை ஆராய்ந்து முடிவு கூற வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மாநில அரசு தேர்ந்தெடுத்த 12 கிராமங்களில் சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. மத்திய அமைச்சு 2014 ஜனவரியில் திட்டத்தை இறுதியாக நிராகரித்தது.

அழகிய கொள்கை ஏடு இருந்த இடத்தில் குகை அழிந்தது. கலந்தாய்வே குறைபட்டிருந்த இடத்தில் மலை பிழைத்தது. டோங்ரியா மக்களுக்கு ‘வேண்டா’ என்று சொல்லச் சட்டம் ஓர் அவையைத் தந்திருந்தது என்பதே நாம் காணும் வேறுபாடு. இந்தியாவில் எல்லாச் சுரங்கப் பகுதிகளிலும் கிராம சபையின் சொல் இவ்வாறு மதிக்கப்பட்டது என்று கொள்வதற்கில்லை. நியாம்கிரி விதிவிலக்கு என்பதனால்தான் அது மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசப்படுகின்றது.

2020க்குப் பின்

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் இடைக்கால அறிக்கையையும் 2021 அக்டோபரில் இறுதி அறிக்கையையும் வெளியிட்டது. மேற்கு ஆஸ்திரேலியா இயற்றிய புதிய மரபுச் சட்டம் 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. நிலவுடைமையாளர்களிடையே எதிர்ப்பு வலுக்கவே, சில வாரங்களிலேயே அதனைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் சில திருத்தங்களோடு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. புதிய தகவல் கிடைத்தால் அதனை அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், நிலவுரிமை பெற்ற மக்களும் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அத்திருத்தங்களுள் குறிப்பிடத்தக்கவை. 2014இல் இவ்விரண்டும் இருந்திருந்தால் அந்த மயிர்க்கச்சை ஒரு சான்றாக நின்றிருக்கும்.

தீர்வு என்னும் மூன்றாம் தூண் மிக மெதுவாகவே எழுகின்றது. இதே நிறுவனத்தின் துணை நிறுவனம் பூகன்வில் தீவில் நடத்திய பங்குனா சுரங்கம் 1989இல், உள்நாட்டுப் போர் மூண்ட நிலையில், மூடப்பட்டது. அதன் கழிவு நூறு கோடி டன்னுக்கும் மேலாக ஆறுகளில் கலந்திருந்தது. பாதிப்பை ஆராய நிறுவனம் இணங்கியது 2021இல். முதற்கட்ட ஆய்வறிக்கை வெளிவந்தது 2024 டிசம்பரில். ஜூக்கனில் இந்த இடைவெளி குறைவு. குர்ராமா, பினிகுரா மக்களோடு 2022 நவம்பரில் ஈடுசெய் உடன்பாடு கையெழுத்தாகி, மரபு அறக்கட்டளை ஒன்றுக்கு வழிவகுத்தது. 2025இல், தம் நிலத்தில் சுரங்கப் பணிகளைத் திட்டமிடும்போதே அம்மக்களையும் உடன் வைத்து முடிவெடுக்கும் கூட்டு மேலாண்மை ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. மாநிலச் சட்டத்தின்கீழ் இறுதி இசைவு மட்டும் இன்னமும் அமைச்சரிடமே உள்ளது.