சம்பளம் எவ்வளவுன்னு இனி கேட்கலாம்

நம்ம ஊர் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் பத்தே நிமிஷத்தில் "தம்பிக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டுவிடுவார். சிட்னிக்கோ மெல்பேர்னுக்கோ வந்த ஆறே மாதத்தில் நாம் அந்தக் கேள்வியை விழுங்கக் கற்றுக்கொள்கிறோம். இங்கே அது நாகரிகம் இல்லையாம். பல ஐடி கம்பெனிகளின் வேலை ஒப்பந்தத்திலேயே, சம்பளத்தை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. இந்த நாகரிகத்தால் யாருக்கு லாபம்? நிச்சயம் வேலை செய்கிறவனுக்கு இல்லை. வேலை செய்கிறவளுக்கு அதைவிட இல்லை.

அந்த வரியைச் செல்லாமல் ஆக்கியது லேபர் அரசு 2022 டிசம்பரில் கொண்டுவந்த சட்டம். லிபரல்-நேஷனல் கூட்டணி எதிர்த்து வாக்களித்தது. செனட்டில் கிரீன்ஸ் கட்சியும் கான்பராவின் சுயேச்சை உறுப்பினர் டேவிட் போக்கொக்கும் கைகொடுத்ததால் நிறைவேறியது. அதே சட்டம், பாலினச் சமத்துவத்தை ஃபேர் வொர்க் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகவும் எழுதி வைத்தது.

லேபர்தான் பெண்களுக்கு எப்போதும் நியாயம் செய்த கட்சி என்று அதன் ஆதரவாளர்கள் பேசுவார்கள். வரலாறு அவ்வளவு சுத்தமானது இல்லை.

மெல்பேர்னில் சன்ஷைன் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, ஆஸ்திரேலியாவின் அடிப்படைச் சம்பளம் பிறந்ததே அங்கிருந்த அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வழக்கில்தான். 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒரு தொழிலாளி, மனைவி, மூன்று பிள்ளைகள் மனிதர்களாக வாழ நாளுக்கு 7 ஷில்லிங் வேண்டும். உலகமே பாராட்டிய தீர்ப்பு. ஆனால் அந்தக் கணக்கில் தொழிலாளி என்றால் ஆண்தான். இந்த ஹிக்கின்ஸ் லேபர் கட்சியில் சேராமலே 1904 லேபர் அரசில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர்.

1912இல் மில்டுராவில் பழம் பறிப்பவர்கள் வழக்கு வந்தது. பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாக மணிக்கு ஒரு ஷில்லிங் என்றார். ஆகா, சம ஊதியம்! காரணத்தைக் கேளுங்கள். பெண் மலிவாகக் கிடைத்தால் முதலாளி ஆணை அனுப்பிவிடுவான், அதனால் சமம். அதே இடத்தில் பழத்தைப் பெட்டியில் அடுக்குவது 'பெண்கள் வேலை'. ஆணுக்குப் போட்டி இல்லை. எனவே அதற்கு 9 பென்ஸ் போதும். தொழிற்சங்க ஆண்களில் பலர் சம ஊதியம் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான். 1919இல் பெண்ணின் அடிப்படைச் சம்பளம் ஆணுடையதில் 54 சதவீதம். போருக்குப் பிறகு 1950இல் அது 75 சதவீதம் ஆனது. கால்வாசியைக் காணோம், ஆனால் யாரும் திருடவில்லை, சட்டமே எடுத்துக்கொண்டது.

1969 வழக்கில் தொழிற்சங்கங்களுக்காக வாதாடியவர் பின்னாளில் பிரதமரான பாப் ஹோக். தீர்ப்பு 'ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்' என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்கள் செய்யும் அதே வேலையைச் செய்யும் பெண்கள் எத்தனை பேர்? பலன் கிடைத்தது உழைக்கும் பெண்களில் சுமார் 18 சதவீதம் பேருக்குத்தான். இறைச்சித் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்த கம்யூனிஸ்ட் பெண்மணி ஜெல்டா டி'அப்ரானோ, பெண்ணின் உழைப்புக்கு என்ன விலை என்று ஆண்களே இரண்டு பக்கமும் நின்று வாதாடியதை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அந்த அக்டோபர் 21 அன்று மெல்பேர்ன் காமன்வெல்த் கட்டடக் கதவில் தன்னைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார். அடுத்த வருடம் அவரும் தோழிகளும் டிராமில் ஏறி, எங்களுக்குச் சம்பளம் 75 சதவீதம்தானே, டிக்கெட்டுக்கும் 75 சதவீதம்தான் தருவோம் என்றார்கள். (இந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) கார்ல்டன் ட்ரேட்ஸ் ஹால் வெளியே 2023இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் லேபர் உண்மையிலேயே அசைந்தது. 1972 டிசம்பர் 2 அன்று விட்லம் ஜெயித்தார். சில நாட்களிலேயே சம ஊதிய வழக்கில் அரசு பெண்கள் பக்கம் வாதாடியது. அரசு அனுப்பிய வக்கீல் மேரி கோட்ரன், வயது 29, பின்னாளில் உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. டிசம்பர் 15 அன்று தீர்ப்பு: 'சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்'. 'ஒரே வேலை' என்பதிலிருந்து 'சம மதிப்பு' என்பதற்கு வந்த இந்த ஒரு தாவலில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. பழம் அடுக்குபவளின் வேலைக்கு என்ன மதிப்பு என்று அப்போதுதான் முறையாகக் கேட்க முடிந்தது.

இடதுசாரிகளுக்குள்ளும் பெண்கள் தாங்களே கிளம்பினால்தான் வேலை நடக்கிறது என்பதற்கு நம் மொழி பேசும் பெண்களே சாட்சி. 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது, இடதுசாரி சங்கங்கள் உட்பட எல்லாச் சங்கங்களின் ஆண் தலைவர்களையும் ஒதுக்கி வைத்தார்கள். கேட்ட போனஸை வாங்கியும் காட்டினார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். 'மதிப்பு' என்ற கேள்வி நம் வீடுகளைத் தொடுவது ஏஜ்ட் கேரிலும் சைல்ட்கேரிலும்தான். யாழ்ப்பாணத்தில் டீச்சராக இருந்து, இங்கே செர்டிஃபிகேட் த்ரீ முடித்து முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட் பார்க்கும் அக்கா ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார். பெரியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, மறதிக்காரரின் கோபத்தையும் சிரித்துத் தாங்குவது திறமை இல்லையாம், பெண்ணுக்கு இயல்பாக வருவதாம்! தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்கில், பெண்கள் செய்வதாலேயே இந்த வேலைக்குக் குறைத்து விலை வைத்திருக்கிறார்கள் என்பதை ஃபேர் வொர்க் கமிஷன் ஏற்றது. 2023 நடுவில் 15 சதவீத உயர்வு வந்தது. 2022 தேர்தலில் சொன்னபடி அதற்கு லேபர் அரசு 1,130 கோடி டாலர் ஒதுக்கியது. மணிக்கு 25 டாலர் வாங்கியவருக்கு 3 டாலர் 75 சென்ட் கூடுதல். வாரம் 38 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சைல்ட்கேரில் 2024 டிசம்பரில் 10 சதவீதம், அடுத்த வருடம் 5 சதவீதம் என்று அரசு பணம் கொடுத்தது. இதைக் காசு கொடுத்து வாங்கிய ஓட்டு என்று சொல்பவர்கள், அந்த நைட் ஷிப்டை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஐடி கதை வேறு. இங்கே வேலைக்கு மதிப்பு இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரு விலை. எனக்குத் தெரிந்த ஒரு டீமில் ஒரே மாதம் சேர்ந்த இருவர், ஒரே பதவி. பெண்ணுக்கு வருடம் 12,000 டாலர் குறைவு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கணவரின் விசாவில் வந்து இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவர், கிடைத்தால் போதும் என்று முதல் ஆஃபரையே வாங்கிக்கொண்டார். அடுத்த கம்பெனி "போன சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தது. ஒருமுறை குறைந்தது கூடவே வரும், பென்ஷன் பணமான சூப்பர் வரைக்கும். பக்கத்து சீட்டில் எவ்வளவு என்று கேட்க உரிமை இருப்பது இப்படிப்பட்டவருக்குத்தான் ஆயுதம். 2022 டிசம்பருக்கு முன் ரகசிய வரியோடு கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: ஒப்பந்தம் மாற்றப்படும்வரை அந்த வரி உங்களைக் கட்டும். பிரமோஷன் வரும்போது புது ஒப்பந்தமாகக் கேளுங்கள்.

2024 பிப்ரவரி முதல், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளின் ஆண்-பெண் சம்பள இடைவெளியையும் அரசு பெயரோடு வெளியிடுகிறது. முதல் பட்டியலில் சுமார் 5,000 தனியார் நிறுவனங்கள். ஒட்டுமொத்த இடைநிலை இடைவெளி 19 சதவீதம். உடனே ஒரு கூட்டம், இது ஒரே வேலை செய்யும் இருவரை ஒப்பிடவில்லை, அதனால் தப்புக் கணக்கு என்றது. ஒப்பிடவில்லைதான். மேலே யார், கீழே யார், போனஸ் யாருக்கு என்பதைத்தான் அது காட்டுகிறது. மில்டுராவின் பறிக்கும் கையும் அடுக்கும் கையும்தானே இதுவும்?

எனக்கு இருக்கும் குறை வேறு. 30 பேர், 40 பேரை வைத்து நடக்கும் கன்சல்டன்சிகளும், பெண்டில் ஹில்லிலும் டான்டினாங்கிலும் உள்ள நம்மவர் கடைகளும் இந்தப் பட்டியலில் வரவே வராது. புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் வேலை கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். ரகசியத் தடை அங்கேயும் செல்லும், ஆனால் விசாவுக்குக் கையெழுத்துப் போடுபவரே முதலாளியாக இருக்கும்போது யார் வாய் திறப்பார்? அடுத்த தேர்தலில் பொங்கல் விழா மேடையில் வேட்டி கட்டி வந்து நிற்கும் லேபர் வேட்பாளரிடம் நான் கேட்கப்போவது இதைத்தான்.