ஆஃபர் லெட்டரை எப்போ திரும்பப் பெறலாம்?

ஆஃபர் குடுத்துட்டு கம்பெனி பின்வாங்கினா நாம என்ன பண்ணலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசப்போறேன். நம்ம கேட்கிறவங்கள்ல சிலர் இப்போ டீம் லீட், சிலர் சொந்தமா ஸ்டார்ட்அப் நடத்துறாங்க. ஃபண்டிங் நின்னுபோச்சு, நேத்து அனுப்பின ஆஃபரை ரத்து பண்ணணும். சட்டப்படி முடியுமா?

இந்தியாவுல இதுக்கு அடிப்படை 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். தபால் காலத்துச் சட்டம்தான், ஆனா நம்ம மெயிலுக்கும் அதுதான். அதோட 5-ம் பிரிவு சொல்றது: எதிர்ப்பக்கம் சம்மதம் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும் நீங்க ஆஃபரை வாபஸ் வாங்கலாம். அதுக்கப்புறம் முடியாது.

நம்ம பாஷையில இது ஒரு ரேஸ் கண்டிஷன். உங்க வாபஸ் முதல்ல போய்ச் சேருதா, அவங்க சம்மதம் முதல்ல வருதா? இதுல பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. எச்.ஆர் சாஃப்ட்வேர்ல ஸ்டேட்டஸை 'ரத்து'ன்னு மாத்தினா வாபஸ் ஆகிடாது. அந்த நபருக்குத் தெரிய வந்தாதான் கணக்கு.

சம்மதம் வந்துடுச்சுன்னா அது ஒப்பந்தம். இன்னும் ஜாயின் பண்ணலையேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அப்போ உங்களுக்கு இருக்கிற நேர்மையான வழி, லெட்டர்லயே எழுதியிருக்கிற நிபந்தனை. பின்னணிச் சரிபார்ப்பு, டிகிரி சர்டிஃபிகேட், பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், இதெல்லாம் சரியா இருந்தாதான் வேலைன்னு எழுதியிருந்து, அது நிறைவேறலைன்னா விலகலாம். அனுபவத்தைப் பத்திப் பொய் சொல்லி உங்களைச் சம்மதிக்க வெச்சிருந்தா, 19-ம் பிரிவுப்படி ஒப்பந்தத்தையே ரத்து பண்ணலாம். லெட்டர்ல இல்லாத நிபந்தனையை அப்புறமா கண்டுபிடிக்காதீங்க, ப்ளீஸ்.

நிபந்தனையும் இல்லை, பணமும் இல்லைன்னா? அது ஒப்பந்த மீறல்தான். உங்க ஆஃபீஸ்ல அவங்களை வேலைக்கு வெச்சே ஆகணும்னு கோர்ட் பொதுவா உத்தரவு போடாது. தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை அப்படி நிறைவேத்த வைக்கிறதில்லை. ஆனா 73-ம் பிரிவுப்படி நஷ்டஈடு கேட்கலாம். அவங்களும் வேற வேலை தேடி நஷ்டத்தைக் குறைச்சிருக்காங்களான்னு பார்ப்பாங்க. அதனால ஜாயினிங்குக்கு முன்னாடி யார் விலகினாலும் என்ன தொகைன்னு லெட்டர்லயே எழுதிடுறது நல்லது. சண்டை அங்கேயே பாதி முடிஞ்சுடும்.

காரணமும் முக்கியம். ஹெச்ஐவி இருக்குங்கிறதுக்காக வேலை மறுக்கிறதை 2017 சட்டம் தடுக்குது. திருநர்ங்கிறதுக்காகப் பாகுபாடு காட்டுறதை 2019 சட்டம் தடுக்குது. ரெண்டும் தனியார் கம்பெனிக்கும் பொருந்தும்.

இதெல்லாத்தையும் விட நேரம்தான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். நம்ம ஐடி உலகத்துல நோட்டீஸ் 60 நாள், 90 நாள். உங்க ஆஃபரை நம்பித்தான் அவங்க பேப்பர் போடுறாங்க. போடுறதுக்கு முன்னாடி சொன்னா அவங்களுக்கு ஒரு வேலை மிச்சம். நோட்டீஸ்ல இருக்கும்போது சொன்னாக்கூட, பழைய மேனேஜர்கிட்ட பேசி ராஜினாமாவைத் திரும்ப வாங்க ஒரு வாய்ப்பு இருக்கு. முதல்ல போன் பண்ணுங்க, அன்னைக்கே காரணத்தோட மெயில் அனுப்புங்க. வெள்ளிக்கிழமை தெரிஞ்ச விஷயத்தைத் திங்கட்கிழமை மீட்டிங் முடியட்டும்னு வெச்சிருந்தா, நடுவுல இருக்கிற சனி, ஞாயிறுல அவங்க பெங்களூருல வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருப்பாங்க.