எடை மெஷின் சொல்லாத கணக்கு

சரக்கு வேகன் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அதன் காலி எடை எழுதியிருக்கும். முதலில் வந்த பாக்ஸ்என் வேகனுக்கு அது 22.47 டன், ஏற்றக்கூடிய சரக்கு 58.81 டன். எடைமேடையில் வரும் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த குட்ஸ் கிளார்க்கும் ரசீது போட்டுவிட மாட்டார். நம் உடம்பு விஷயத்தில் மட்டும் மொத்தத்தைப் பார்த்தே மகிழ்கிறோம், மொத்தத்தைப் பார்த்தே கவலைப்படுகிறோம்.

எனக்கு வயது 66, உயரம் 168 செ.மீ. சென்ற வருடம் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றபோது என் எடை 82 கிலோ. குறைக்கச் சொன்ன டாக்டர், அதற்கு முன் 'டெக்ஸா' படம் ஒன்றும் எடுத்து வரச் சொன்னார். எலும்பு தேய்மானத்துக்கு எடுக்கிறார்களே, அதே மெஷின்தான். இரண்டு வித சக்தியுள்ள மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிர்களை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்ற சதை என்று பிரித்துச் சொல்கிறது. எனக்குக் கொழுப்பு 31 சதவீதம், அதாவது சுமார் 25 கிலோ!

இது ஏன் நமக்கு முக்கியம் என்பதற்கு நாம் வாழும் புனே நகரிலேயே ஓர் உதாரணம் உண்டு. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஒல்லியாக இருக்கும் நம் ஜனங்களுக்கும் சர்க்கரை வருவதன் காரணம் இதில் ஓரளவு புரியும்.

ஜிம்களில் ஏறி நிற்கச் சொல்லும் மெஷின் வேறு வகை. லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்துகிறது. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை அளந்து, சூத்திரம் போட்டு ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தாலும் வியர்த்தாலும் எண் மாறும். எனவே ஒரே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதில் ஏறவே கூடாது.

அடுத்தது எரிபொருள் கணக்கு. ஸ்டேஷனில் சும்மா நிற்கும் டீசல் எஞ்சினும் எண்ணெய் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அதுபோல் நாம் படுத்துக் கிடந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் செலவு வைக்கின்றன. மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளிவரும் கரியமில வாயுவையும் அளந்து இதைக் கண்டுபிடிக்கலாம். அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. தோராயமாக அறிய ஒரு சூத்திரம் உண்டு. கிலோவை 10ஆலும், சென்டிமீட்டர் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண்கள் 5 கூட்ட வேண்டும், பெண்கள் 161 கழிக்க வேண்டும். எனக்கு 1,545 கலோரி வந்தது. 77 கிலோவுக்கு இறங்கியதும் 1,495.

வண்டி இலேசானால் செலவு குறைவது நியாயம்தான். ஆனால் உடம்பு அதோடு நிற்பதில்லை. பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணி, கணக்குக்கு மேலும் சிக்கனம் பிடிக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சராசரி 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடம்பு செலவழித்தது. முடிவுகள் 2016இல் வெளிவந்தன.

எங்கள் கட்டடத்தில் ஒரு நண்பர், அவரும் ரயில்வேக்காரர்தான், ராத்திரி சாப்பாட்டை அடியோடு நிறுத்தி மூன்று மாதத்தில் 8 கிலோ குறைத்தார். எல்லோரும் பாராட்டினோம். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து அவர் ஏற ஆரம்பித்ததை அவர் மனைவிதான் கவனித்தார். பரிசோதித்தால், போனதில் ஏறக்குறைய பாதி தசை! பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் 5 கிலோ வந்துவிட்டது. வந்தது பெரும்பாலும் கொழுப்பு.

தசை பெரிய அடுப்பு என்று ஜிம்காரர்கள் சொல்வது கொஞ்சம் மிகை. ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 13 கலோரிதான். கொழுப்பு சுமார் 4.5. ஆனால் சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இறக்கி வைக்கும் பெரிய கிடங்கு தசைதான். நம் வயதில் கீழே விழாமல் காப்பதும் அதுவே.

டாக்டர் எனக்குச் சொன்னது: சாதத்தைப் பாதியாக்கி, பருப்பும் மோரும் சுண்டலும் கூட்டுவது. இங்கே கிடைக்கும் மட்கி உசளும் நல்லதே. நடைப்பயிற்சியோடு வாரம் மூன்று நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பைக் கூட்டுமுன் தங்கள் டாக்டரைக் கேட்பது அவசியம்.

நான்கு மாதத்தில் எனக்குக் குறைந்தது 5 கிலோ. அதில் கொழுப்பு 3.8, மற்றது 1.2. நண்பரும் இப்போது ராத்திரி இரண்டு சப்பாத்தியும் பருப்பும் சாப்பிடுகிறார். காலையில் என்னோடு பாட்டில் தூக்குகிறார். அடுத்த படம் தீபாவளி கழித்து எடுப்பதாக இருக்கிறோம். அதற்குமுன் வேண்டாமென்று இருவர் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.