பாதி சிலிண்டரில் ஓடும் கார்

விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகத் தெற்கே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கரிசல் சமவெளியில் பெரிய மேடுபள்ளமின்றி நீள்வதால், அதில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும் நடுத்தரக் காருக்கு 20 குதிரைத்திறன்கூட முழுதாகத் தேவைப்படுவதில்லை. ஆனால், 2021இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் ஆகியவற்றின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 150 குதிரைத்திறன் தரவல்லது.

தேவைக்கு மிஞ்சிய இந்த ஆற்றலை அடக்கிவைப்பதற்கும் பெட்ரோல் செலவாகிறது. காற்று நுழையும் குழாயிலுள்ள த்ராட்டில் என்னும் தகடு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது பெரும்பாலும் மூடியே இருப்பதால், பிஸ்டன் கீழிறங்கும்போதெல்லாம், அடைத்த மூக்கால் மூச்சிழுப்பதுபோல, குறுகிய சந்து வழியே காற்றை உறிஞ்சப் பாடுபடுகிறது. இவ்வாறு வீணாகும் உழைப்பே பம்பிங் இழப்பு எனப்படுகிறது.

சுமை குறைந்த வேளையில் மேற்சொன்ன எஞ்சின் தன் நான்கு சிலிண்டர்களில் நடுவிலுள்ள இரண்டை நிறுத்திவிடுகிறது. காரை இழுக்கும் வேலை முழுவதும் எஞ்சிய இரண்டின்மேல் விழுவதால், அவற்றுக்குக் கூடுதல் காற்றுத் தர த்ராட்டில் அகலத் திறக்க, உறிஞ்சும் பாடு குறைகிறது. நின்ற சிலிண்டர்களின் பங்கையும் சேர்த்து மற்றவை எரிக்கவே செய்கின்றன என்பதால், மிச்சம் பாதியளவு இராது. இந்நுட்பம் 2012இல் ஃபோக்ஸ்வாகனின் 1.4 லிட்டர் எஞ்சினில் வந்தபோது, ஐரோப்பியச் சோதனை முறைப்படி 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் மிச்சமாகும் என்றே அந்நிறுவனம் கூறியது.

பெட்ரோலை நிறுத்தினால் மட்டும் போதாது. வால்வுகள் திறந்து மூடிக்கொண்டேயிருந்தால், எரியாத காற்று புகைபோக்கிக்குள் சென்று, புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியின் வேலையைக் கெடுக்கும். ஆகவே, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டின் மேலுள்ள உறை 13 முதல் 36 மில்லிவினாடிக்குள் நகர்ந்து அவற்றை மூடிய நிலையிலேயே விட்டுவிட, உள்ளே சிக்கிய காற்று சுருள்வில்லைப்போல அமுங்கி விரிந்து, தான் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. 1981இல் காடிலாக் நிறுவனம் எட்டு, ஆறு, நான்கு என மாறும் எஞ்சினை விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்டதற்கு, அன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டின் வேகம் போதாமையே முக்கியக் காரணம், கருத்தில் பிழையில்லை.

நின்று நின்று நகர வேண்டிய சிவகாசி நகரத் தெருக்களில் இதன் பலன் சொற்பமே. பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் டீசல் லாரிகளுக்கோ இக்கணக்கே பொருந்தாது. டீசல் எஞ்சினின் ஆற்றல் காற்றை அடைத்துக் கட்டுப்படுத்தப்படுவதன்று, டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்தே கட்டுப்படுத்தப்படுவது என்பதால், மீட்பதற்குரிய பம்பிங் இழப்பு அதில் முதலிலேயே குறைவு.